உதவி: சேறு பிடிச்ச ரைடிங் கியர் துவைச்சும் வெள்ளைத் திட்டு, வாடை, செம்மண் கறை போகலை

காட்பாடி மட்‌ ரைடர்:
அண்ணன்மாருங்களே, வணக்கம். அமிர்தி பக்கம் செம்மண் தடத்துலயும் ஏரி உள்வாய்ச் சேத்துலயும் பைக் ஓட்டும்போது போட்ட கியர், அதாவது ஜெர்சி, பேண்ட், பூட்ஸ், கிளவுஸ். டாப் லோடு மெஷின்ல ரெண்டு கப்பு பவுடர், வீட்டு போர் தண்ணி. வெளியே எடுத்தா கருப்பு பேண்ட் முழுக்க வெள்ளைத் திட்டு. ஜெர்சி காய்ஞ்சா வாடை இல்ல, வேர்வை பட்டதும் அடிக்குது. முதுகுல செம்மண் கறை அப்படியே கீது. வெல்க்ரோ ஒட்டல. பூட்ஸும் கிளவுஸும் விறைச்சுப் போச்சு. பிளீச்சிங் போட்டா சரியாகுமா?

சத்துவாச்சாரி டர்ட்:
தம்பி, பிளீச்சிங்கைக் கையிலயே எடுக்காத. செம்மண் நிறமே இரும்புத் துருதான், பிளீச் அதை எடுக்காது. ஜெர்சி, பேண்ட்ல இருக்கிற எலாஸ்டிக் நூலை மட்டும் அரிச்சிடும். முட்டியில கெவ்லார் (உரசினாலும் சீக்கிரம் கிழியாத பலமான நார்) துணி இருந்தா அதோட பலமும் போயிடும்.

வெள்ளைத் திட்டுக்கும் வாடைக்கும் காரணம் ஒண்ணுதான். மண்ணு வெளியேறுறதுக்கு முன்னாடியே பவுடர் உள்ள போயிருக்கு, அதுவும் உப்புத் தண்ணியில. நம்ம போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து அதிகம். பவுடர் முழுசா கரையாம, அலசினாலும் வெளியே வராம, நூலுக்குள்ள மண்ணோட சேர்ந்து உக்காந்துக்கும். அதுல வேர்வை பட்டா கிருமி பெருகும், வாடை திரும்பும்.

சோதிச்சுப் பாரு. முழங்கைப் பகுதியை ஒரு மக்கு சுத்தமான தண்ணியில முக்கிக் கசக்கு. நுரை வந்தா உள்ள பவுடர் தங்கியிருக்கு. நுரையே இல்லாம திட்டு மட்டும் இருந்தா, அது மேல நாலு சொட்டு வினிகர் விடு. மங்கினா சுண்ணாம்பு.

வழி இதான். பேடு (அடிபடாம இருக்க உறைக்குள்ள வைக்கிற மெத்தை) எல்லாத்தையும் கழட்டிடு. காவிரித் தண்ணி வர்ற நாள்ல 15 லிட்டர் பக்கெட்டுல, சோப்பு இல்லாம, ஒரு மணி நேரம் ஊற வெச்சு அலசு. நுரை வர்றது நிக்கிற வரைக்கும் தண்ணி மாத்து. அப்புறம் 10 லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி வெள்ளை வினிகர், அரை மணி நேரம். மறுபடி ரெண்டு அலசல். வினிகரும் பிளீச்சும் ஒரே பக்கெட்டுல சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

செம்மண் கறைக்கு ஒரு லிட்டர் தண்ணியில 10 கிராம் சிட்ரிக் ஆசிட். கறை இருக்கிற இடத்தை மட்டும் 30 நிமிஷம் ஊற வெச்சு மெல்லத் தேய். முதல்ல உள்மடிப்புல ஒரு ஓரத்துல போட்டு சாயம் போகுதான்னு பாரு. ஜிப் அதுல ஊறக் கூடாது. ஏற்கெனவே பல தடவை வெயில்ல காய்ஞ்ச கறை முழுசா போகாது, மங்கும்.

பாகாயம் பைக்கர்:
மேல சொன்னது பழுதுக்கு. அடுத்த தடவை பழுதே வராம இருக்க, மண்ணைப் பார்த்து துவைக்கணும் ப்ரோ.

ஏரிக் களிமண்ணா, ஈரத்துல தொடாத. அரைகுறை ஈரத்துல தேய்ச்சா நெசவுக்குள்ள இன்னும் ஏறும். நிழல்ல வெடிப்பு விடுற வரைக்கும் காய விட்டு, தட்டி, நார் பிரஷ்ல உதிர்த்துடு. செம்மண் அப்படி இல்ல. அது மாவு மாதிரி நைசு, காய விட்டா பிடிச்சுக்கும். வீட்டுக்கு வந்த உடனே துணியை உள்பக்கம் திருப்பி ஹோஸ் அடி. வந்த வழியே மண்ணு வெளியே தள்ளப்படும். வெளிப்பக்கத்துல இருந்து பிரஷர்ல அடிச்சா உள்ள போய் லைனிங்ல தங்கும். இந்தத் தண்ணியை பாத்ரூம் ஜல்லடையில விடாதீங்க, அடைச்சுக்கும். சோப்பு கலக்காததால வாழை மரத்துக்கே ஊத்தலாம்.

தண்ணி தெளிஞ்ச பிறகுதான் மெஷின். ஜிப் மூடி, வெல்க்ரோ ஒட்டி, வலைப் பையில போடுங்க. லிக்விட் 30 மில்லி போதும், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேணாம். அது வேர்வை உறிஞ்சற துணியையும் மழை லைனரையும் (தண்ணி புகாத உள்துணி) அடைச்சிடும். மே மாச மதியத்துல மாடித் தொட்டித் தண்ணி சுடும், காலையிலயே துவைங்க.

உங்க வெல்க்ரோ கெடல, திறந்து போட்டதால கொக்கியில நூல் சிக்கியிருக்கு. பழைய டூத் பிரஷ், இல்லேன்னா பேன் சீப்பால குறுக்கே இழுங்க.

ஆம்பூர் லெதர்:
பூட்ஸ், கிளவுஸ் விறைச்சதுக்கு வேற காரணம். பதப்படுத்தும்போது தோலுக்கு எண்ணெய் ஏத்துவோம், அதான் நாருங்க வழுக்கிட்டு மடங்குது. தோல் லேசா புளிப்புத் தன்மையில இருக்கும். துணி பவுடர் காரம். அது எண்ணெயை இழுத்துடும், அப்புறம் வெயில்ல வேகமா காய்ஞ்சா நாருங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஆப்ப சோடா போட்டாலும் இதே கதிதான்.

கிளவுஸைக் கையில மாட்டிக்கிட்டு, ஈரத் துணியில மட்டும் துடைங்க. முழுக்கக் காயறதுக்கு முன்னாடி, லேசா ஈரம் இருக்கும்போதே லெதர் கண்டிஷனரைத் தடவி விரலை மடக்கி மடக்கி விடுங்க. பூட்ஸ்ல இன்சோலை உருவி, பழைய பேப்பர் திணிச்சு, ஃபேன் காத்துல வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாத்தணும். மொட்டை மாடி வெயில் ஆகாது, அடிப்பாகத்துப் பசை விட்டுடும். பக்கிள்ல மண்ணு எடுத்துட்டு சிலிக்கோன் ஸ்ப்ரே. ஆயில் விட்டா தூசியைப் பிடிச்சு மறுபடி இறுகும்.

காட்பாடி மட்‌ ரைடர்:
நுரை பயங்கரமா வந்துச்சு அண்ணா, மூணு பக்கெட் மாத்தினதும்தான் தெளிஞ்சுது. பேண்ட் முட்டி உள்பக்கம் லெதர் பட்டை இருக்கே, வினிகர்ல முக்கலாமா? ஹெல்மெட் உள்ள இருக்கிற மெத்தைத் துணி லைனருக்கும் இதே முறையா?

ஆம்பூர் லெதர்:
பட்டையை முக்க வேணாம். வெள்ளைத் திட்டு இருக்கிற இடத்தை மட்டும், வினிகர் தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி எடு. பட்டைக்கு கண்டிஷனர் மட்டும்.

சத்துவாச்சாரி டர்ட்:
லைனருக்கு பேபி ஷாம்பு ஒரு ஸ்பூன், கையால அமுக்கி அமுக்கி. முறுக்கினா ஃபோம் கிழியும். துவாலையில சுருட்டி அமுக்கினா பாதித் தண்ணி போயிடும். வைசர் (முகத்துக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடி) மேல இருக்கிற சேத்தைக் காய்ஞ்ச துணியால துடைச்சா கோடு விழும். ஈரத் துணியைப் போர்த்தி பத்து நிமிஷம் விட்டா தானா வழிஞ்சிடும். ஹெல்மெட் உள்ள இருக்கிற தெர்மாகோல்ல பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, கரைஞ்சிடும். பேடுங்க கைவிரல்ல அமுக்கினா ஈரமே தெரியாத அளவுக்குக் காய்ஞ்ச பிறகுதான் உறைக்குள்ள போகணும்.