பிறந்து 6 நாள்: பம்ப் பண்ணிக் குடுத்தா போதுமா, வாய் வெச்சே ஆகணுமா?

தூக்கம்_தொலைத்தவள்:
பாப்பா பிறந்து இன்னிக்கு 6 நாள். 39 வாரம், சுகப்பிரசவம், 3.1 கிலோ. முதல் ரெண்டு நாள் நல்லா வாய் வெச்சா. மூணாம் நாள் காம்பு ரெண்டும் வெடிச்சு ரத்தம். அவ அழ ஆரம்பிச்சாலே எனக்கு உடம்பு உதறுது. நாலாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாயிடுச்சு. அக்கா அவளோட பழைய பம்பைக் குடுத்தா. அதுலேர்ந்து நாளைக்கு நாலு தடவை எடுத்து பாட்டில்ல குடுக்கறேன். ரெண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லி வருது. அஞ்சே நிமிஷத்துல குடிச்சுட்டு தூங்கிடறா. சமத்து. மாமியார் "பக்கத்துல புள்ளையைப் போட்டுட்டு மெஷினுக்குப் பால் குடுக்கறியே"ங்கறாங்க. அக்கா "எந்த வழியா போனா என்ன, உன் பால்தானே"ங்கறா. யார் சொல்றது சரி?

கயல்:
மாமியார் சொன்ன விதம் தப்பு, விஷயம் சரி. அஞ்சு நிமிடத்தில் முடிக்கிறாள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் பால் தானாக விழும். மார்பில் நாக்கும் தாடையும் உழைத்தால்தான் வரும். சுலபமான வழி பழகினால் கஷ்டமான வழிக்கு யார் திரும்புவார்கள்? நாம் மட்டும் திரும்புகிறோமா?

வெடிப்புக்குக் காரணம் பாப்பா காம்பை மட்டும் கவ்வுவது. காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் பம்பை மாட்டுவது, செருப்பு கடிக்கிறது என்று நடப்பதையே விட்டுவிடுவது போல. முதல் நான்கு வாரம் பாட்டிலே வேண்டாம். 2012இல் ஓர் ஆய்வு வந்தது. பிறந்து ஒன்றரை நாளுக்குள் சரியாகக் குடிக்காத குழந்தைகளின் தாய்மாரை இரு குழுவாகப் பிரித்தார்கள். கையால் பீய்ச்சிய குழுவில் 2 மாதம் கழித்தும் 96 சதவீதம் பேர் தாய்ப்பால் கொடுத்தார்கள். பம்ப் குழுவில் 73.

மூன்று_மணி:
அந்த ஆய்வுல மொத்தமே 68 பேர்தான் கயல். அதோட அது கைக்கும் பம்புக்கும் நடந்த போட்டி, மார்புக்கும் பம்புக்கும் இல்ல. ரெண்டு குழுவுமே பால் எடுத்தவங்கதான். வேற வழக்குக்கு இந்தச் சாட்சியைக் கூப்பிடறீங்க.

என் கதை: பையன் 33 வாரத்துல பிறந்தான். அந்த வயசுல உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடறது மூணையும் சேர்த்துச் செய்ய வராது. மூக்கு வழியா குழாய். குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடல் திசு அழுகற ஒரு நோய் வரும், அம்மா பால் குடுத்தா அந்த ஆபத்து குறையும்னு டாக்டர் சொன்னார். முதல் நாள் கையால பீய்ச்சி சிரிஞ்சுல சொட்டுச் சொட்டாச் சேர்த்தேன். அந்த விஷயத்துல உங்க பக்கம்தான் நான், ஏன்னா சீம்பாலை பம்புல எடுத்தா பாதி பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும். அப்புறம் 9 மாசம் பம்ப். பேர் பாத்தாலே தெரியுமே, ராத்திரி மூணு மணிக்குத் தவறாம முழிச்சிருப்பேன். ஒரு நாள்கூட அவன் நேரா மார்புல குடிக்கல. நான் குடுத்தது தாய்ப்பால் இல்லையா?

கயல்:
உங்களுக்கு வேறு வழி இல்லை. இவருக்கு இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃப்ரீசரில் வைத்தால் பாலில் உள்ள உயிருள்ள செல்கள் செத்துப்போகும். ராத்திரிப் பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருக்கும், பகல் பாலில் கிட்டத்தட்ட இருக்காது. காலையில் எடுத்ததை ராத்திரி கொடுத்தால் அந்தக் கணக்கு குழம்பும். குழந்தையின் எச்சில் மார்புக்குள் போய், அதைப் பார்த்து உடம்பு நோய் எதிர்ப்பு சக்தியை மாற்றிக்கொள்கிறது, பம்புக்கு எச்சில் உண்டா?

மூன்று_மணி:
எச்சில் விஷயம் இன்னும் கருதுகோள்தான், முடிஞ்ச முடிவு மாதிரி சொல்லாதீங்க. ஃப்ரீசர் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா இவங்க எடுத்த உடனே குடுக்கறாங்க, ஃப்ரீசர் எங்கேர்ந்து வந்துச்சு? மெலடோனினுக்கு ஒரு பேனா போதும், பாட்டில் மேல நேரம் எழுதிட்டா முடிஞ்சது.

இரவுக்காவலன்:
அப்பா ஒருத்தன் பேசலாமா? ராத்திரி 1 மணி, 4 மணி பாட்டில் என் பொறுப்பு. மனைவி 11லேர்ந்து 5 வரை தூங்குவா. பிரசவத்துக்கு அப்புறம் அவ சிரிச்சு நான் பாத்தது அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான். மார்பு மார்புன்னு பேசறவங்க அந்த மார்புக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கறதை மறந்துடறாங்க. ஒரு டிப்: ஒவ்வொரு தடவையும் பம்பைக் கழுவ வேண்டாம். பாகங்களை ஒரு பைல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு ராத்திரி ஒரே தடவை கழுவுங்க. நேரம் மிச்சம்.

கயல்:
அந்த 11லிருந்து 5 வரை அவர் பால் எடுக்கிறாரா, இல்லையா? பாலை உண்டாக்கும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் சுரக்கும். அப்போது ஆறு மணி நேரம் மார்பு நிறைந்தே கிடந்தால் "இவ்வளவு தேவையில்லை போல" என்று உடம்பு குறைத்துவிடும்.

இரவுக்காவலன்:
எடுக்கறதில்ல. ரெண்டாம் மாசம் பால் குறைஞ்சுது. உடல்வாகுன்னு நினைச்சோம். ஆனாலும் அவ தூக்கத்தைத் திருப்பி வாங்க மாட்டேன்.

குதர்க்கம்:
உலக சுகாதார நிறுவனமே பாட்டிலைத் தடை பண்ணியிருக்கு, இன்னும் என்ன விவாதம்?

மூன்று_மணி:
பழைய செய்தி. 1989இல் வந்த பத்து விதிகள்ல "செயற்கைக் காம்பு கூடாது"ன்னு இருந்தது. 2018இல் திருத்தும்போது, பாட்டில், ரப்பர் காம்பு இதெல்லாம் எப்படிப் பயன்படுத்தறது, என்ன ஆபத்துன்னு தாய்க்கு ஆலோசனை சொல்லணும்னு மாத்திட்டாங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், 6 மாசம் அது மட்டும்ங்கறது இன்னும் அப்படியேதான் இருக்கு.

பழைய_வார்டு:
எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. 28 வருஷம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தேன்.

நாலு தடவை, தடவைக்கு 40. நாளைக்கு 160 மில்லி. மூணு கிலோ குழந்தைக்கு ஆறாம் நாளில் சுமார் 400 மில்லி வேணும். கேள்வி கேட்ட பொண்ணே, மீதிக்கு என்ன கொடுக்கிறாய்? ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் நனைகிறது? மலம் என்ன நிறம்? தானாக எழுந்து பாலுக்கு அழுகிறாளா, நீ எழுப்புகிறாயா?

தூக்கம்_தொலைத்தவள்:
வேற எதுவும் குடுக்கலம்மா. பவுடர் பால் குடுத்தா என் பால் வத்திடும்னு பயம். டயப்பர் மூணு நனையும். நேத்து ஒண்ணுல செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சுக் கறை இருந்தது. மலம் இன்னும் கரும்பச்சைதான். தானா அழறதில்ல, நான்தான் எழுப்பறேன். சமத்தா தூங்கறான்னு நினைச்சேன்.

பழைய_வார்டு:
அது சமத்து இல்லைம்மா, தெம்பு இல்லாத தூக்கம். அந்தச் செங்கல் கறை முதல் ரெண்டு மூணு நாள் வரலாம், ஆறாம் நாள் வரக் கூடாது. இப்போது ஆறு டயப்பராவது நனையணும், மலம் மஞ்சளாகியிருக்கணும். இதைப் படித்ததும் எழுந்து குழந்தையை எடைபோடக் கொண்டு போ. மஞ்சள் காமாலையும் பார்க்கச் சொல். காலை வரை காத்திருக்காதே. இப்போது கையில் இருக்கிற பாலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

கயல்:
முதல் வரியிலேயே கணக்கு இருந்தது. நான் கவனிக்கவில்லை. போய்ட்டு வாங்க, நாங்க இங்கதான் இருக்கோம்.

பழைய_வார்டு:
அவள் வரும்வரை மற்றவர்களுக்கு. இரவுக்காவலன் தம்பி, அந்த ஃப்ரிட்ஜ் பை டிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 2016இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு க்ரோனோபாக்டர் என்ற கிருமி தாக்கி மூளை பாதித்தது. அதே கிருமி வீட்டுப் பம்பில் கிடைத்தது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவிட்டு, தேய்க்காமல் அலசி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். தொட்டியில் போடாமல் இதற்கென்றே ஒரு தனிப் பாத்திரம், தனி பிரஷ். இரண்டு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தை என்றால் தினம் ஒரு முறை கொதிக்கவைப்பது நல்லது. எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். குழந்தை வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவில் சுடவைக்கவே கூடாது, ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஆறியிருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

இரவுக்காவலன்:
வாங்கிக்கிட்டேன்மா.

தூக்கம்_தொலைத்தவள்:
(மறுநாள்)
2.75 கிலோ. பிறந்த எடையில 11 சதவீதம் போயிருக்கு. 10க்கு மேலன்னா தீவிரமாப் பாக்கணுமாம். கொஞ்சம் மஞ்சள் காமாலையும் இருக்கு, விளக்கு வெக்கற அளவுக்கு இல்ல. என் பால் கூடற வரைக்கும், எடுத்த பால் போதாத அளவுக்கு மட்டும் பவுடர் பால் குடுக்கச் சொன்னாங்க. அதை எழுதும்போதே அழுகை வருது.

தாய்ப்பால் ஆலோசகர் ஒருத்தர் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தாங்க. கயல் சொன்ன மாதிரியே பாப்பா காம்பை மட்டும்தான் கவ்வறா. இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல மார்புல போடணும், 10 நிமிஷம் ஆனாலும் சரி, அப்புறம் எடுத்த பாலைக் குடுக்கணும், அப்புறம் பம்ப். நாளைக்கு 8 தடவைக்குக் குறையக் கூடாது, ராத்திரி ஒண்ணாவது கட்டாயம். பம்புல மார்புல பொருத்தற புனல் எனக்குப் பெருசு, அதான் வலியும், பால் வராததும். அக்கா பம்பும் வேண்டாம்னுட்டாங்க, பால் மோட்டார் பக்கம் போகாத மூடிய வகை இல்லையாம், ஒருத்தர் பயன்படுத்தினதை இன்னொருத்தர் பயன்படுத்தக் கூடாதாம்.

மூன்று_மணி:
அழாதீங்க. பவுடர் பால் குடுத்து எடை ஏத்தி, தெம்பு வந்து, அப்புறம் மார்புல நல்லா உறிஞ்சின குழந்தைங்க எத்தனையோ. ஆனா நான் சொன்னதுதான் நடந்துச்சு, பம்ப் இல்லாம பால் கூட்ட முடியாது.

கயல்:
முதலில் மார்பு, அப்புறம்தான் பம்ப் என்று இருக்கிறது. வரிசையைப் பாருங்கள்.

மூன்று_மணி:
எட்டு தடவை பம்ப்னும் இருக்கே, எண்ணிக்கையைப் பாருங்க.

பழைய_வார்டு:
இரண்டு பேரும் டயப்பர் எண்ணியிருந்தால் நேற்றே நான் வர வேண்டியிருக்காது. பாட்டிலில் கொடுக்கும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடி, பாட்டிலைக் கிடைமட்டமாக வை, நடுநடுவே நிறுத்து. 5 நிமிடத்தில் முடிவது 15 ஆகட்டும். பாலாடையில் கொடுக்க வந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: பால் கட்டும் என்று பயந்து தேவைக்கு மேல் எடுக்காதே. அளவுக்கு மீறி எடுத்தால் அளவுக்கு மீறி ஊறும், கட்டும், வீங்கும். அப்போது ஒத்தடம் குளிர்ச்சியாகக் கொடு, சூடாக வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

குதர்க்கம்:
அப்போ கடைசியில பம்பா மார்பா?

தூக்கம்_தொலைத்தவள்:
(நாலு நாள் கழிச்சு, ராத்திரி 3.10)
எடை 2.9. இன்னிக்கு ஏழு டயப்பர், மலம் மஞ்சள். பம்பும் புனலும் மாத்தின பிறகு தடவைக்கு 70 வருது, பவுடர் பால் நாளைக்கு ஒரே தடவைதான். இடது பக்கம் வலி இல்லாம கவ்வறா, வலது பக்கம் இன்னும் சண்டைதான். மூன்று_மணி, உங்க நேரத்துல நானும் முழிச்சிருக்கேன், புனலைப் பிடிச்சுக்கிட்டே ஒரு கையால டைப் பண்றேன். மாமியார் பாப்பாவை மடில வெச்சுக்கிட்டு எத்தனை மில்லி வந்திருக்குன்னு எட்டி எட்டிப் பாக்கறாங்க. இருங்க, அழறா. தானாவே எழுந்துட்டா.