தாத்தாவை 'முடியாது' என்கிறது என் நிரல்

கேள்வி (தமிழ் டீச்சர்):
பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பைத்தான் நிரல்மொழி போன கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டதுதான். மாலைமாற்று நடத்தும்போது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன்: ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால், எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாக வருமா?

முதலில் எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்க்கும்படி எழுதினேன். ஒரு பையன் பத்து எழுத்து கொடுத்தான், பத்தும் வேறு வேறு. 36,28,800 வரிசை! லேப் கணினி படுத்துவிட்டது. அப்புறம் எண்ணிப் பார்க்கும் முறைக்கு மாறினேன். ஒற்றைப்படையாக வரும் எழுத்து ஒன்றுக்கு மேல் இல்லாவிட்டால் 'முடியும்'. விகடகவி சரியாக வந்தது. 'தாத்தா' போட்டால் 'முடியாது' என்கிறது. அது கலைக்காமலேயே மாலைமாற்றுதானே? வகுப்பே சிரித்தது. எங்கே தப்பு?

பதில் 1:
டீச்சர், கணக்கு சரி. எது எழுத்து என்பதில்தான் சிக்கல். உங்களுக்கு 'தா' ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது த, துணைக்கால் என இரண்டு குறியீடு. பைத்தான் அவற்றைத் தனித்தனியாக எண்ணுகிறது. தாத்தாவில் த மூன்று, துணைக்கால் இரண்டு, புள்ளி ஒன்று. ஒற்றைப்படை இரண்டாகிவிட்டதே!

விகடகவி தப்பித்தது அதிர்ஷ்டம். 'தாராத' போட்டுப் பாருங்கள், 'முடியும்' என்று பொய் சொல்லும். தா, ரா, த மூன்றும் வேறு எழுத்துகள்.

இடமிருந்து படித்துக்கொண்டே போங்கள். துணைக்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். அந்தப் பட்டியலை எண்ணினால் போதும்.

பதில் 2:
இன்னொரு குழியும் இருக்கிறது. 'மோ'வின் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 'மோரு போருமோ'வில் ஒரு மோ இப்படி, இன்னொரு மோ அப்படி இருந்து, ஒரு மாலைப்பொழுதே எனக்குப் போனது. ஒட்டுவதற்கு முன்பே என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள்.

நான் எண்ணுவதுகூட இல்லை. ஒரு காலிப் பை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்தாக வரும்போது, அது பையில் இல்லாவிட்டால் போடுவேன், இருந்தால் எடுத்துவிடுவேன். கடைசியில் பை காலி, அல்லது ஒன்று மிச்சம் என்றால் 'முடியும்'.

தமிழ் டீச்சர்:
ஒட்டிவிட்டேன், தாத்தா சரியாகிவிட்டார். தாராதவும் மாட்டிக்கொண்டது. பை யோசனை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது, கரும்பலகையிலேயே விளையாடினார்கள். க்ஷ-வை மட்டும் நிரல் க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கிறது. கிரந்தம்தானே, இருக்கட்டும்.