அக்கா கல்யாணம்: சக்லாங் என்னும் அகோம் முறையா, ஹோமமா?

அம்மா: மாப்பிள்ளை வீட்டார் ஹோமம் வளர்த்துத்தான் நடத்த வேண்டும் என்கிறார்கள். புரோகிதரிடமும் பேசிவிட்டார்களாம். இன்று இரவுக்குள் பதில் சொல்லணும்.

சித்தப்பா: அவர்களும் நம்மைப் போல அசாமின் அகோம் இனம்தானே?

அத்தை: ஹோமமே இருக்கட்டும். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது.

பெரியப்பா: அன்று அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறந்துவிட்டாயா?

அத்தை: அதை ஏன் இப்போது இழுக்கிறீர்கள் அண்ணா?

பெரியப்பா: சரி, விடு. எல்லோரும் இதைப் படியுங்கள். மோங் மாவ் நாடு, இன்றைய யுன்னான் பக்கம். அங்கிருந்து கிளம்பிய நம் முதல் அரசர் சுகபா 1228-ல் பட்காய் மலையைத் தாண்டி அசாம் பக்கம் வந்தார். அவரோடு வந்தவர்கள் இங்கிருந்த மொரான், பொராஹி மக்களிடம் பெண் எடுத்து இங்கேயே ஊன்றினார்கள். 1826-ல் ஆங்கிலேயர் பர்மாவுடன் செய்த யாண்டபோ உடன்படிக்கை வரை ஏறக்குறைய 600 ஆண்டு ஆட்சி. அதற்குள் அரசவை இந்து சமயத்துக்குப் போனது, வீட்டுப் பேச்சு அசாமியம் ஆனது. நம் முன்னோர் பேசிய ‘தாய்’ (Tai) மொழி நமக்குத் தாய்மொழியாக இல்லாமல் போயிற்று. இன்று அது தியோதாய், பைலுங் பூசாரிகள் வாயிலும் சாஞ்சி மரப்பட்டையில் எழுதிய புரஞ்சி என்னும் வரலாற்று ஏடுகளிலும்தான் இருக்கிறது. சக்லாங்கையும் விட்டால் அதைக் காதால் கேட்கும் நாள் இன்னும் குறைந்துவிடும்.

சித்தி: 👍

சித்தப்பா: படித்தேன்

அத்தை: சிவசாகரில் 1734-ல் சிவதோல் கோயிலைக் கட்டியதே நம் ராணி அம்பிகாதான். ஹோமம் மட்டும் அந்நியமா?

அக்கா: அத்தை, நம் அரசர்களின் கல்லறை மேடுகளான சராய்தேவ் மொய்தாம்களை 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னது நீங்கள்தானே?

அத்தை: அது பெருமை. இது சாஸ்திரம்.

அக்கா: எனக்குச் சக்லாங்தான் வேண்டும். தோழி கல்யாணத்தில் பார்த்தேன். அரிசி மாவில் மரல் கோலம், சுற்றி 101 விளக்கு. கடைசி விளக்கை ஏற்றுவதற்குள் முதல் விளக்கு மங்கிவிட்டது. அவள் பாட்டி காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றினார். அது கண்ணிலேயே நிற்கிறது.

சித்தி: 101 விளக்குக்கு எத்தனை லிட்டர் கடுகெண்ணெய் ஆகும்?

சித்தப்பா: போன வாரம்தான் விலை ஏறியது

அம்மா: எண்ணெயை அப்புறம் பார்க்கலாம். மாப்பிள்ளை கையில் கொடுக்க ஹெங்தாங் வாள் வேண்டுமே?

பெரியப்பா: தாத்தாவின் வாள் தம்பி வீட்டில் இருக்கிறது.

சித்தப்பா: இல்லை. மே-டாம்-மே-பி முன்னோர் வழிபாட்டுக்கு நீங்கள்தான் எடுத்துப் போனீர்கள்.

பெரியப்பா: அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன்.

சித்தப்பா: யாரிடம்?

அத்தை: ஒவ்வொரு ஜனவரி 31-க்கும் இதே சண்டை

நான்: பைலுங் ஐயாவிடம் தேதி கேட்கட்டுமா?

அம்மா: பொறு. இரண்டு முறையிலும் நடத்தலாமா என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: சக்லாங் முதலில்.

அத்தை: ஹோமம் முதலில்.

சித்தி: எங்கள் அலமாரி மேல் நீளமாக ஒரு துணி மூட்டை இருக்கிறது. எனக்கு எட்டவில்லை. காலையில் இறக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.