கொக்கி எலும்பை எடுக்குறதா, கட்டுப் போட்டுப் பார்க்குறதா?

வைகைக்கரை: தம்பிக்கு 19 வயசு. ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல பேட்டை ஓங்கி வீசுனப்ப இடது உள்ளங்கையில, சுண்டுவிரல் பக்கம் சுருக்குன்னுச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னாங்க. சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய்க் கட்டு போட்டோம். மூணு மாசம் கழிச்சு சிடி ஸ்கேன் எடுத்தா, மணிக்கட்டுல கொக்கியாட்டம் நீட்டிக்கிட்டிருக்கிற எலும்பு அடியோட முறிஞ்சு கிடக்கு. துண்டை எடுத்துரணும்ங்கிறார் டாக்டர். அம்மா ஒத்துக்கல. என்ன செய்யலாம்?

திருமங்கலத்தான்: அம்மா பயம் நியாயம். உடம்புல இருக்குற எலும்பை எடுத்து எறியுறது வைத்தியமா? எங்க மாமாவுக்கு முன்கை முறிஞ்சப்ப முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை வச்சுத்தான் கட்டுனாங்க. இன்னைக்கும் மம்பட்டி பிடிக்கிறார்.

பிசியோ_அண்ணாநகர்: அண்ணே, முன்கை வேற, இது வேற. இந்தக் கொக்கிக்கு ரத்த ஓட்டம் குறைவு. சுண்டுவிரலை மடக்குற தசைநாண் அதை ஒட்டி வளைஞ்சுதான் போகுது. கையை இறுக்குனா துண்டு அசையும், எப்படி ஒட்டும்? அடிபட்ட முதல் வாரமே மாவுக்கட்டு போட்டிருந்தா சேர வாய்ப்பு உண்டு. இப்ப விட்டுவச்சா, முறிஞ்ச முனையில உரசி உரசி அந்த நாணே அறுந்துபோகலாம். அதுதான் என் பயம்.

திருமங்கலத்தான்: ஸ்க்ரூ போட்டு இணைக்கலாமே? எடுக்குறதுல என்ன அவசரம்? பக்கத்துலயே நரம்பு ஓடுதுன்னும் சொல்றாங்க.

பிசியோ_அண்ணாநகர்: ஸ்க்ரூ போடுறவங்க இருக்காங்க. ஆனா துண்டு ரொம்பச் சின்னது, போட்டும் சேராமப் போகலாம். நரம்பு விஷயம் நீங்க சொல்றது உண்மை, மறைக்கல. சுண்டுவிரல் பக்கமா வர்ற அல்னார் நரம்போட கிளை கொக்கியை ஒட்டியே போகுது. அதனால கை ஆபரேஷன்ல பழகுனவர்கிட்டதான் போகணும். வைகைக்கரை, தம்பிக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகுதா? அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

ஷட்டில்_செல்லூர்: எனக்கு வலது கையில எடுத்தாச்சு. ரெண்டு வாரத்துல தையல் பிரிச்சாங்க. அப்புறம் ஸ்பான்ஜ் பந்தை அமுக்குற பயிற்சி. தழும்பு மேல எது பட்டாலும் சுள்ளுன்னும். பைக் ஆக்ஸிலேட்டரை முறுக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. ஒன்பதாவது வாரம் ராக்கெட் பிடிச்சேன்.

திருமங்கலத்தான்: உங்களுக்குச் சரியாப்போச்சு, சந்தோஷம். நானா இருந்தா இன்னொரு டாக்டரையும் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

வைகைக்கரை: பார்த்துர்றோம்ணே. தம்பிக்கு ராத்திரியில சுண்டுவிரல் மரத்துப்போகுதாம், இப்பத்தான் சொல்றான். செல்லூர் அண்ணே, அம்மா கேக்கச் சொன்னாங்க: தையல் பிரிச்ச அன்னைக்கு விரல் மடங்குச்சா?

ஷட்டில்_செல்லூர்: மடங்குச்சு. மெதுவா, ஆனா முழுசா.