ஜின்-ரோ: ஜப்பானை ஜெர்மனி ஆண்டதா?

மோல்மீன்காரன்:
நேற்று கரண்ட் போவதற்குள் லேப்டாப்பில் ‘ஜின்-ரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து முடித்தேன். பேட்டரி 9 சதவீதம்! பாதாளச் சாக்கடையில் வெடிகுண்டுப் பையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சிறுமியைக் கதாநாயகனான போலீஸ்காரன் ஃபூசே சுடுவதில்லை, அவளே வெடித்துவிடுகிறாள். சரி. ஆனால் ஃபூசேயின் கையில் ஏன் ஜெர்மன் எந்திரத் துப்பாக்கி? என் தாத்தா பர்மாவில் தண்பியூசயாட் பக்கம், போர்க்காலத்தில் ஜப்பான் போட்ட சயாம் ரயில்பாதையில் ஜப்பான்காரனிடம் அடி வாங்கியவர். அதே ஜப்பான் தோற்று அடங்கிக் கிடப்பதைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

ரங்கூன் வாத்தியார்:
தம்பி, அது மாற்று வரலாறு. கதையில் ஜப்பானைத் தோற்கடித்து ஆண்டது அமெரிக்கா இல்லை, ஜெர்மனி. 1999 படம். எழுதியவர் மமோரு ஓஷீ, இயக்கியவர் ஹிரோயுக்கி ஒகியுரா. அரசை எதிர்க்கும் போராளிகளைவிட, ஃபூசே இருக்கும் தலைநகரக் காவல் படைக்கும் மற்ற போலீஸ்காரர்களுக்கும் நடக்கும் உள்குத்துதான் கதை. கெய் என்ற பெண்ணே தூண்டில் புழு.

பகோ தங்கச்சி:
அண்ணே, கதையை உடைக்காதீங்க! நான் இன்னும் அருங்காட்சியகக் காட்சியைத் தாண்டவில்லை.

ரங்கூன் வாத்தியார்:
மன்னிச்சுக்கோம்மா. படத்தில் வரும் சிவப்புத் தொப்பிக்காரி-ஓநாய் கதையை மட்டும் காது கொடுத்துக் கேள். நம் ஊரில் சொல்கிற பதிப்பு இல்லை. அம்மாவின் இறைச்சியையே மகள் தின்பாள்.

மோல்மீன்காரன்:
அந்த இடத்தில்தான் நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். கொரியாக்காரர்கள் இதே கதையை நிஜ நடிகர்களை வைத்து 2018இல் எடுத்த படமும் இருக்கிறதாமே, பார்த்தவர்கள் உண்டா?