வைல்ட்கார்டு இருந்தும் மூன்று கடைகள் மட்டும் திறக்கவில்லை: சப்டொமைன், எஸ்எஸ்எல் உதவி தேவை

விளக்குத்தூண்_வெப்

வணக்கம். மதுரையில் துணிக்கடை, பூக்கடைகளுக்குச் சின்னச் சின்ன வலைத்தளம் போட்டுக் கொடுக்கிறேன். கடைக்காரர் பதிவு செய்ததும் 'கடைப்பெயர்.எங்கள்டொமைன்' என்று ஒரு முகவரி தானாக உருவாகும். டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய சர்வர் முகவரியைச் சொல்லும் பதிவேடு) நட்சத்திரக் குறி போட்டு, அதாவது எந்தக் கடைப்பெயருக்கும் பொருந்தும் வைல்ட்கார்டாக, ஒரே ஒரு ஏ ரெகார்டு (பெயருக்கான ஐபி முகவரி). எல்லாக் கடையும் ஒரே சர்வருக்கு, அதில் ஓடும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளுக்கு வந்துவிடும். புதுக் கடை சேரும்போது ஒரு ஸ்கிரிப்ட் செர்ட்பாட் என்ற கருவியை ஓட்டி, சர்டிபிகேட் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டிடம் அந்தப் பெயருக்கு மட்டும் எஸ்எஸ்எல் சர்டிபிகேட் வாங்கும்.

வாரத்துக்கு இரண்டு கடை, மூன்று கடை என்று சேர்ந்தவரை தொல்லை இல்லை. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் சுங்குடி வியாபாரிகள் சிலர் தங்களுக்குள் பேசி ஒரே மூச்சில் 70 கடைகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். 50 தாண்டியதும் 'ஏற்கனவே அதிகமான சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டது' என்று எரர். மீதிக் கடைகளில் பிரவுசர் 'பாதுகாப்பில்லை' என்று பயமுறுத்துகிறது.

பெயர் நம்முடையதுதான் என்று நிரூபிக்க ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் எச்டிடிபி முறையில்தான் (சர்வரில் ஒரு கோப்பு வைத்துக் காட்டுவது) கோளாறோ என்று நினைத்து, லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைத் தளமான ஸ்டேஜிங்கில் மூன்று கடைகளுக்கு டிஎன்எஸ் முறையை (டிஎன்எஸ்ஸில் '_அக்மி-சேலஞ்ச்' என்று தொடங்கும் பெயரில் டிஎக்ஸ்டி, அதாவது எழுத்து ரெகார்டு போடுவது) கைப்பட முயன்று பார்த்தேன். அங்கே சர்டிபிகேட் வந்தது. ஆனால் அது சோதனைச் சர்டிபிகேட், பிரவுசர் ஏற்காது. சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த மூன்று கடையும் சுத்தமாகத் திறக்கவில்லை. எச்சரிக்கை கூட வரவில்லை, 'சர்வர் முகவரி கிடைக்கவில்லை' என்கிறது. என்ஜின்எக்ஸில் ஒரு வரி கூட மாற்றவில்லை. மூன்றில் ஒரு கடைக்காரர் நாளைக்கு நாலு தடவை போன் போடுகிறார்.

வைகைக்கரை

டிஎன்எஸ் பரவ 24 மணி நேரம் ஆகும் அண்ணே. பொறுத்துப் பாருங்கள்.

விளக்குத்தூண்_வெப்

இரண்டு நாள் பொறுத்தாகிவிட்டது தம்பி. பரவுவதற்கு நான் புதிதாக எதையும் மாற்றவும் இல்லையே.

திருநகர்_சர்வர்

இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது.

முதலாவது அந்த 50. ஒரு டொமைனுக்கு 7 நாளில் 50 புதுச் சர்டிபிகேட்தான் தருவார்கள். சப்டொமைன் எத்தனை இருந்தாலும் எல்லாம் உங்கள் ஒரே டொமைன் கணக்கில்தான் ஏறும். அதனால் கடைக்கொரு சர்டிபிகேட் வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரே வைல்ட்கார்டு சர்டிபிகேட் வாங்குங்கள். 70 கடையானாலும் 700 கடையானாலும் அது போதும். புதுக் கடை சேரும்போது செர்ட்பாட் ஓடவே வேண்டாம், டேட்டாபேஸில் பெயர் ஏறினால் கடை திறந்துவிடும்.

வைல்ட்கார்டுக்கு டிஎன்எஸ் முறை ஒன்றுதான் வழி, எச்டிடிபி முறையில் தரமாட்டார்கள். அப்புறம், வைல்ட்கார்டு ஒரு படிக்குத்தான் செல்லும். 'கடை.எங்கள்டொமைன்' சரி, 'டபிள்யூடபிள்யூடபிள்யூ.கடை.எங்கள்டொமைன்' ஆகாது. வெறும் 'எங்கள்டொமைன்' கூட அதில் அடங்காது, அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்கும்போது ஒரே '_அக்மி-சேலஞ்ச்' பெயரில் இரண்டு டிஎக்ஸ்டி மதிப்புகள் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதைப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். (நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான்.)

இரண்டாவது, திறக்காத கடைகள். அதில் ஒன்றுக்கு 'டிக்' கட்டளை (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பதிலைக் காட்டுவது) ஓட்டி, வருகிற ஸ்டேட்டஸ் வரியை இங்கே போடுங்கள். ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை.

விளக்குத்தூண்_வெப்

எங்கள் டிஎன்எஸ் கம்பெனி ஏபிஐ (நிரல் மூலமே ரெகார்டு மாற்றும் வசதி) எதுவும் தருவதில்லை. சர்டிபிகேட் 90 நாளில் முடிந்துவிடுமே, ஒவ்வொரு முறையும் நான் உட்கார்ந்து கையால் போட வேண்டுமா?

டிக் ஓட்டினேன். ஸ்டேட்டஸ்: நோஎரர். ஆன்சர்: 0. பிழையே இல்லை என்கிறது, முகவரியும் தர மறுக்கிறது!

திருநகர்_சர்வர்

மாட்டிக்கொண்டது. அப்படி ஒரு பெயரே இல்லையென்றால் 'என்எக்ஸ்டொமைன்' என்று வந்திருக்கும். நோஎரர் வந்து பதில் காலியாக இருக்கிறதென்றால், அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் 'இருக்கிறது', ஆனால் அதற்கு ஏ ரெகார்டு இல்லை என்று அர்த்தம்.

ஸ்டேஜிங்குக்காகப் போட்ட '_அக்மி-சேலஞ்ச்.கடைப்பெயர்' டிஎக்ஸ்டி ரெகார்டுகளை அழித்தீர்களா? இல்லை என்று நினைக்கிறேன். நட்சத்திர ரெகார்டு, இல்லாத பெயர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். '_அக்மி-சேலஞ்ச்.கடைப்பெயர்' என்று ஒன்றை எழுதிவிட்டால், அதற்கு மேலே உள்ள 'கடைப்பெயர்' என்ற கணுவும் தானாக உண்டாகிவிடுகிறது. அதில் எந்த ரெகார்டும் கிடையாது, வெறும் கணு. ஆனாலும் அது இருப்பதாகவே கணக்கு, நட்சத்திரம் ஒதுங்கிக்கொள்ளும். பல்லாங்குழியில் காய் இல்லாத குழியும் குழிதானே, அந்த மாதிரி. இது உங்கள் டிஎன்எஸ் கம்பெனியின் கோளாறு இல்லை, 2006இல் வந்த ஆர்எஃப்சி 4592 என்ற இணைய விதி ஆவணமே இப்படித்தான் சொல்கிறது.

அந்த மூன்று டிஎக்ஸ்டியையும் அழியுங்கள். 'இல்லை' என்ற பதிலும் கொஞ்ச நேரம் கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும், எவ்வளவு நேரம் என்று தெரிய உங்கள் டொமைனின் எஸ்ஓஏ (தலைமை) ரெகார்டில் கடைசி எண்ணைப் பாருங்கள். 3600 நொடி என்றால் ஒரு மணி நேரம்.

ஏபிஐ இல்லாததற்கும் வழி உண்டு. ஏபிஐ தருகிற இடத்தில் வேறொரு மலிவான டொமைனை வையுங்கள். உங்கள் '_அக்மி-சேலஞ்ச்' பெயரை ஒரே ஒரு முறை சிநேம் (வேறு பெயருக்குத் திருப்பும் ரெகார்டு) போட்டு அங்கே திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அந்த வழியே போய்ப் பார்க்கும். இதில் எனக்குப் பிடித்தது, சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் அவர்கள் கையில் சிக்கும் டிஎன்எஸ் சாவி அந்த மலிவு டொமைனுடையது மட்டும்தான். உங்கள் முக்கிய டிஎன்எஸ்ஸைத் தொட முடியாது.

கீழமாசி_கோடர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடைக்காரர் சொந்த டொமைன் கொண்டுவந்தால் என்ன செய்வது? வைல்ட்கார்டு அங்கே உதவாதே.

திருநகர்_சர்வர்

உதவாது. அதற்கு ஒவ்வொன்றுக்கும் தனிச் சர்டிபிகேட்தான். ஆனால் அந்த 50 கணக்கு அவரவர் டொமைனில் ஏறும், உங்களை இடிக்காது. நான் இதற்குக் கேடி என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்திருக்கிறேன். யாராவது வந்து தட்டும்போதுதான் சர்டிபிகேட் வாங்கும். அதில் 'ஆஸ்க்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 'இந்த டொமைன் நம்ம வாடிக்கையாளரா' என்று உங்கள் ஆப்பைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கப் போகும். அதைப் போடாமல் விட்டால் ஊரில் எவன் வேண்டுமானாலும் தன் டொமைனை உங்கள் ஐபிக்குத் திருப்பி, உங்களைச் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டே இருக்க வைக்கலாம்.

கடைக்காரரிடம் பழைய ஏஏஏஏ ரெகார்டு (ஐபிவி6 என்ற புதுவகை முகவரி) இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சரிபார்க்க வருகிறவர்கள் ஐபிவி6 இருந்தால் முதலில் அங்கேதான் போவார்கள், பழைய சர்வரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

விளக்குத்தூண்_வெப்

அண்ணே, டிஎக்ஸ்டி மூன்றையும் அழித்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு கடை திறந்துவிட்டது! வைல்ட்கார்டும் வாங்கியாகிவிட்டது, சிநேம் வழி வேலை செய்கிறது. ஆனால் மூன்றாவது, அதுதான் போன் போடுகிறவர் கடை, இன்னும் அப்படியே இருக்கிறது.

திருநகர்_சர்வர்

அந்தப் பெயரில் வேறு ஏதாவது ரெகார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்குத்தூண்_வெப்

இருக்கிறது. கடைக்காரரின் மகன் கேட்டாரென்று அதே நாளில் கூகுள் சரிபார்ப்புக்கு ஒரு டிஎக்ஸ்டி போட்டுக் கொடுத்தேன். மறந்தே போனேன். அதை அழித்தால் சண்டைக்கு வருவார்.

திருநகர்_சர்வர்

அழிக்க வேண்டாம். பக்கத்திலேயே அந்தப் பெயருக்குத் தனியாக ஒரு ஏ ரெகார்டு போட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இருக்கும். பின்னால் சர்வர் ஐபி மாறினால் இதையும் மாற்ற வேண்டும், எங்காவது குறித்துவையுங்கள்.

இன்னொன்று. புதுப்பித்தலுக்குப் பிறகு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய டிப்ளாய் ஹூக் (சர்டிபிகேட் புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளை) போட்டீர்களா? போடாவிட்டால் புதுச் சர்டிபிகேட் டிஸ்கில் இருக்கும், வாடிக்கையாளருக்குப் பழையதுதான் போகும். முடியப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிக்கொண்டிருந்த மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். முன்பு கடைக்கொன்றாக இருந்தது, ஒன்று போனால் ஒரு கடைதான். இனி ஒன்று போனால் மொத்தக் கடைவீதியும் இருட்டு.

விளக்குத்தூண்_வெப்

ஏ ரெகார்டு போட்டதும் திறந்துவிட்டது. ஹூக் இல்லை, இப்போதுதான் போடுகிறேன். போன் வருகிறது, அவராகத்தான் இருக்கும்.