தண்ணீர் சோதனையில் எல்லாம் சரி, ஆனால் கடல்மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. உதவுங்கள்

பவளக்கரை:
வணக்கம். 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. நான்கு நாளில் மூன்று மீன்கள் போய்விட்டன. முதலில் ஒரு க்ரோமிஸ், மறுநாள் அதன் ஜோடி, இன்று காலை மஞ்சள் டாங். முந்தாநாள் வரை என் விரலிடுக்கில் இருந்த கடற்பாசியைப் பிடுங்கித் தின்ற மீன் அது. உடம்பில் காயமோ பெரிய புள்ளியோ இல்லை.

உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஎச் 8.1. நேற்று பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் மாற்றினேன், பலனில்லை. மீதி இருப்பது இரண்டு க்ளவுனும் ஒரு கோபியும். அவற்றையாவது காப்பாற்ற வேண்டும்.

அலைமேடு:
அறையில் கொசு மருந்தோ வாசனை ஸ்ப்ரேயோ அடித்தீர்களா? ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா? கரண்டை அணைத்துவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். அப்புறம், ராத்திரியில் ஆக்சிஜன் குறைகிறதா என்று கவனியுங்கள். நன்னீரைவிட உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம்.

பவளக்கரை:
ஸ்ப்ரே எதுவும் அடிக்கவில்லை. ஹீட்டர் நன்றாக இருக்கிறது. காற்றுக்குமிழிகளால் கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் ராத்திரி முழுக்க ஓடுகிறது, மீன்கள் மேலே வருவதில்லை. க்ளீனர் இறால், நத்தைகள், பவளங்கள் எல்லாம் எப்போதும் போல இருக்கின்றன. இன்று காலைகூட இறால் மேலோட்டைக் கழற்றிப் போட்டிருந்தது.

உப்புக்காற்று:
அந்த இறால் முக்கியமான தடயம். தண்ணீரில் காப்பரோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் முதலில் சாய்வது இறாலும் நத்தையும்தான். இறால் தோலுரித்துத் திடமாக இருக்க மீன்கள் மட்டும் சாகின்றன என்றால் மீனைப் பிடித்திருக்கும் ஒட்டுண்ணியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டு விஷயம் சொல்லுங்கள். சமீபத்தில் புது மீன் ஏதாவது விட்டீர்களா? டாங் சாவதற்கு முந்தைய இரவு எங்கே நின்றது?

பவளக்கரை:
11 நாளுக்கு முன் ஒரு குள்ள ஏஞ்சல் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டேன். ஐந்து நாள் முன்பு அது இறந்தது. வந்த அலைச்சல் என்று நினைத்து அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. டாங் கடைசி இரவு பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் பம்ப்) நீரோட்டத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டே நின்றது. செவுள் எண்ண முடியாத வேகத்தில் அடித்தது.

உப்புக்காற்று:
இது பெரும்பாலும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். செவுளை அடைத்துவிடும். மூச்சு முட்டும் மீன் ஓடும் தண்ணீரைத் தேடிப் போய் நிற்கும். வெண்புள்ளி என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயில் உப்புக்கல் ஒட்டியது போலப் புள்ளி தெளிவாகத் தெரியும், மீன் சாக நாளும் ஆகும். இது அப்படியில்லை. பல சமயம் உடம்பில் தெரியும் முன்பே செவுளில் வேலையை முடித்துவிடும். இன்று விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து க்ளவுனைப் பாருங்கள். முகப்பவுடரை ஊதிவிட்டது போலப் பொன்னிறத் தூசி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தெரியாவிட்டாலும் காத்திருக்காதீர்கள்.

தண்ணீர் மாற்றினால் இது போகாது. மீனிலிருந்து கழன்று விழும் ஒவ்வொரு ஒட்டுண்ணிக் கட்டியும் 256 குஞ்சு உயிர்கள் வரை பிரிந்து, அத்தனையும் அடுத்த மீனைத் தேடி நீந்தும். முதல் சாவுக்கு அப்புறம் அடுத்தடுத்துப் போவது இதனால்தான்.

மூன்று மீனையும் இன்றே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணலும் பாறையும் வேண்டாம், அவை காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். குமிழி விடும் காற்றுக்கல்லை வேகமாக ஓட விடுங்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் மருந்தை அந்தத் தொட்டியில் மட்டும் ஊற்றுங்கள். பெரிய தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் இறாலுக்கு ஆபத்து. எந்த வகைக் காப்பரோ அதற்கான டெஸ்ட் கிட்டால் தினமும் அளந்து பாருங்கள். அம்மோனியாவையும் தினமும் பார்த்து, ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் இருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பரின் விஷம் கூடிவிடும்.

மாற்றும்போது நன்னீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுக்கலாம். வெப்பமும் பிஎச்சும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும், காற்றுக்கல்லும் வேண்டும். இது குணமாக்காது, செவுளின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். மீன் துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

இறால்தோழன்:
பூண்டுச்சாறு கலந்த தீனி கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று சொல்கிறார்களே?

உப்புக்காற்று:
தீனி தின்னும் மீனுக்குக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வெல்வெட்டுக்கு அதை நம்பி ஒரு நாளைக் கடத்தினால் மீன் இருக்காது. செவுள் போன மீன் தின்னவும் வராது.

பவளக்கரை, பெரிய தொட்டியில் ஆறு வாரம் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது, ஒட்ட மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி செத்துவிடும். இறாலும் நத்தையும் இருக்கட்டும். கூடவே வெண்புள்ளியும் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் 76 நாள் விடுவது நல்லது. வலையையும் வாளியையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள்.

பவளக்கரை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய க்ளவுனின் நெற்றியிலும் முதுகுத் துடுப்பின் அடியிலும் மெல்லிய பொன்தூசி. அன்று இரவே மூன்றையும் மாற்றினேன். கோபி விடிவதற்குள் இறந்துவிட்டது. மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பவளக்கரை (19 நாள் கழித்து):
இரண்டு க்ளவுனும் உயிரோடு இருக்கின்றன. ஐந்தாம் நாள் வரை சின்னது ஒன்றும் தின்னவில்லை. ஆறாம் நாள் தீனியாகப் போட்ட ஒரு ஆர்ட்டீமியாவை (பொடி உப்புநீர் இறால்) வாயில் வைத்துத் துப்பி, மறுபடி எடுத்து விழுங்கியது. அப்படியே தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இப்போது இரண்டும் செவுளை நிதானமாக அடிக்கின்றன. பெரிய தொட்டியை 76 நாள் காலியாக விடப்போகிறேன். இறாலுக்கு மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் தீனி போடுகிறேன். சரிதானே?

உப்புக்காற்று:
சரிதான். காப்பரை மொத்தம் 30 நாள் அதே அளவில் வையுங்கள், மீன்கள் தெளிந்துவிட்டன என்று இடையில் குறைக்காதீர்கள்.